ஆறேகால் மணித்தியாலம்

இறக்காமத்திலிருந்து மூன்று சீமெந்துப் பைகள்.
ஆதம்பாவா காக்கா
பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார்.
கிணறு தோண்டினாராம்.
பதினெட்டு முழத்தில் தண்ணீர் இல்லை,
மா இருந்தது.
"பாருங்க தங்கச்சி, முட்டைக்கோது மாதிரி இரிக்கி."

கல்லாய் இருந்ததுதான்.
மாரி மழை காற்றிலே கொஞ்சம் புளிப்பை வாங்கிக்கொண்டு
விரிசல் விரிசலாய் இறங்கியிருக்கும்.
பெல்ஸ்பாருக்குள் இருந்த பொட்டாசியம் முதலில் கரைந்து போயிருக்கும்.
அலுமினியம் போகவில்லை.
நின்ற இடத்திலேயே
ஆறு மூலைத் தகடாய்ப் படிந்து,
தகட்டின்மேல் தகடு
வெற்றிலைக் கட்டைப்போல் ஒட்டிக்கொண்டது.

அங்கேயே கிடந்திருந்தால் கட்டு பெரிது,
நடுவே பளிங்கு மணல்.
பட்டிப்பளை ஆறு எப்போதாவது இழுத்துப் போயிருந்தால்
கட்டு அவிழ்ந்து இலை சிறுத்திருக்கும்,
இரும்புக் கறையும் ஏறியிருக்கும்.
எது நடந்தது என்று பை சொல்லாது.
போத்தல் சொல்லும்.

கொழும்புக் கம்பனி ஒரு எண்ணைத்தான் கேட்கிறது:
இரண்டு மைக்ரோனுக்குக் கீழே எத்தனை வீதம்?
எண்பது என்றால் வழவழத்த தாளுக்குப் பூச்சு.
நாற்பது என்றால் கோப்பை, பீசான்.
அதற்கும் கீழே என்றால்
காக்கா பஸ் காசை இழந்தார், அவ்வளவுதான்.

பத்துச் சென்ரிமீற்றர் ஆழம்,
முப்பது பாகை வெப்பம்:
இரண்டு மைக்ரோன் துகள் அத்தனை தூரம் விழ
ஆறேகால் மணித்தியாலம் வேண்டும்.
எனது போத்தலில்
இருபது நிமிடத்தில் வெள்ளை அடியில் கிடந்தது.
பதினொரு வீதம்.
"பருமனான களி, பூச்சுக்கு உதவாது"
என்று தட்டச்சு செய்துவிட்டேன்.
வி. குகதர்சினி என்று கையெழுத்துப் போடப் பேனையைத் திறந்தபின்
திரும்பவும் போத்தலைப் பார்த்தேன்.

மேலே தண்ணீர் அத்தனை தெளிவு.
கத்தியால் வெட்டியதுபோல் ஒரு கோடு.
பருமனான களிகூட
கொஞ்சம் பால் மிச்சம் வைக்குமே.

கானைச் சரித்து விரலில் தொட்டு நக்கினேன்.
உப்பு.
"சதுர்ஜன், இது எந்தத் தண்ணி?"
"வடிச்ச தண்ணி முடிஞ்சுது அக்கா. நம்மட கிணத்தில..."

நாவலடிக் கிணறு.
முகத்துவாரம் வெட்டி ஒன்பது நாள்.

தகடுகளின் முகமெல்லாம் ஒரே மின்னூட்டம்,
ஒன்றையொன்று தள்ளித்தான் மிதக்கும்.
உப்பு நடுவில் வந்தால் அந்தத் தள்ளல் அடங்கிவிடும்.
நூறு சிறியது கட்டிப்பிடித்து
ஒரு பெரியதாய் விழும்.
வெள்ளத்தில் வாவி செம்மண்ணாய் ஓடிவந்து
கடலைத் தொட்ட இடத்தில் தெளிவதை
வள்ளத்திலிருந்து எத்தனை தடவை பார்த்தேன்,
சேறு கால்வரை ஏறும் அந்தத் திட்டில் இறங்கி நடந்தேன்.
நான் ஒரு போத்தலுக்குள் நிற்பதாகத் தோன்றவில்லை.

தொழிற்சாலையும் இதைத்தான் செய்யும், வேண்டுமென்றே.
முதலில் பிரிமருந்து போட்டுக் கலக்கி,
சுழல்கூம்பில் மணலை எறிந்து,
காந்தத்தில் கறுப்பைப் பிடித்து,
கடைசியில் புளிப்பு ஊற்றித்
திரளவைத்துப் பிழியும்.
அங்கே அது ஒரு படி.
என்னிடம் பிழை.

பற்றரிக் கடையில் வடித்த தண்ணீர் ஆறு போத்தல் வாங்கினோம்.
நாலு நாற்பதுக்குக் குலுக்கி வைத்தேன்.
சதுர்ஜன் குற்ற உணர்வில் கொத்துரொட்டி வாங்கிவந்தான்.
மின்விசிறியை நிறுத்தினோம், மேசை அதிருமென்று.
இரவு பத்து ஐம்பத்தைந்துக்கு
பால் இன்னும் பாலாகவே நின்றது.

அறுபத்துமூன்று.
பூச்சுக்குக் குறைவு, தாளுக்குள் நிரப்பப் போதும்.
ஆறு கொஞ்சத் தூரம் தூக்கிவந்து
பாதியில் போட்டிருக்கிறது போலும்.

காலையில் காக்காவுக்கு எடுத்துச் சொன்னேன்.
வீதம், விலை, நிரப்பி, எல்லாம்.
பொறுமையாகக் கேட்டார்.
"சரி தங்கச்சி. அப்ப கிணறு?"

"அந்தக் களிக்குள்ளால தண்ணி வராது காக்கா.
அது பிடிச்சு வைச்சிரிக்கும், தராது.
பக்கத்துக் காணியில தோண்டிப் பாருங்க."

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"பக்கத்துக் காணி மச்சான்ட" என்றார்.