மழைக்கு இரு புறமும்

ஸ்ரான்லி வீதி அச்சகச் சுவரில்
படகு இயந்திரக் கடைக்காரர் தந்த யப்பான் கலண்டர்
ஐந்து வருஷமாய் நவம்பரிலேயே நிற்கிறது.
ஒரு துறை. கவிழ்த்த வள்ளத்தின் கீழ் மூன்று பேர்.
வெளியே ஒரு நாய்.
எல்லாவற்றின் மேலும் மழை, மயிரளவு கோடுகளாய்.

கீழே பொடியெழுத்தில் ஒரு பெயர்: ஹயாமி தோசுய்.
பின்பக்கம் அரைப்பக்க வாழ்க்கை, ஆங்கிலத்தில்.
மெசின் ஆறும் இடைவெளிகளில்
அகராதி பார்த்து வாசித்து முடித்தேன்.

நீலச் சாயம் காய்ச்சியவனின் மகன்.
வீடு இரண்டு தரம் எரிந்தது.
ஐம்பது வயதுவரை விசிறிக்கும்
பல்பொடிப் பைக்கும் படம் போட்டார்.
மனைவிக்குப் பெயர் தரப்படவில்லை.
விற்காத அச்சுத்தாள்களில்
பீங்கான் கோப்பை சுற்றிக் கப்பலேற்றினார்களாம்.
ஏதோவொரு துறைமுகத்தில் ஒருவன்
கோப்பையை ஓரம் வைத்துவிட்டு
கசங்கிய தாளை நீவினான்.
புகழ் அங்கேதான் தொடங்கியது. தோசுய் அப்போது இல்லை.

எனக்கு விளங்க நாள் எடுத்தது வேறொன்று.
அவர் கீறிய மெல்லிய தாளை
செரிப் பலகையில் கவிழ்த்து ஒட்டி
தாளோடு சேர்த்தே செதுக்குவார்களாம்.
மூலம் உளியோடு தூளாய்ப் போகும்.
அவர் கை பட்ட ஒரு மழைகூட
உலகத்தில் இல்லை. படிகள்தான்.

இன்னொன்று: மழைக்கோட்டை யாரும் வெட்டுவதில்லை.
இந்தப் பக்கம் வெட்டு, அந்தப் பக்கம் வெட்டு.
நடுவில் தொடாமல் விட்டதுதான் பெய்கிறது.

போன மாரி, சட்டர் இறக்கும் நேரம்,
பாசையூரிலிருந்து ஜசிந்தா வந்தாள். குடையில்லை.
பொலித்தீன் பைக்குள்
அடையாள அட்டையின் பிரதியின் பிரதி.
அட்டை அவனோடு கடலில்.
மீசை எது, நிழல் எது? முகம் ஒரு கறுப்புத் திட்டு.

"அறுபது நாளாச்சு அக்கா.
நோட்டீஸ் அடிக்கட்டாம் எண்டு எல்லாரும் சொல்லினம்.
மரண அறிவித்தல் எண்டு மட்டும் போடாதேங்கோ."
"அப்ப என்ன போடுறது?"
"தெரியாது."

எங்கள் கணினியில் பதினாலு மாதிரி உண்டு.
விளக்கு, புறா, சிலுவை, மறைகிற சூரியன்.
பிறப்புக்கு ஒரு கட்டம், இறப்புக்கு ஒரு கட்டம்.
ஒரு கட்டத்தை அழித்தேன்.
பிறகு மற்றதையும்.
புறாவை, மெழுகுதிரியை,
'அன்னார்' என்று தொடங்கும் பந்தியை.
மூக்கை ஊகித்துக் கீறக் கை உன்னியது. விட்டேன்.
மிஞ்சியது அந்தத் திட்டு,
அருளப்பு றெஜினோல்ட் என்ற பெயர்,
வள்ளத்தின் இலக்கம், ஒரு ரெலிபோன் நம்பர்.

உச்சியில் நீலம், கீழே வர வர ஒன்றுமில்லை.
தோசுய்க்கு அதை ஈரத்துணியால்
பலகையைத் துடைத்துத் துடைத்து எடுத்தார்கள்.
நான் மைத் திருகாணிகளை ஒவ்வொன்றாய் இறுக்கினேன்.
முதல் நாற்பது தாள் பழுது:
மூலைக்குறி ஒரு நூல் விலகி
ஆளுக்கு இரண்டு தோள்.
ஜசிந்தா அவற்றையும் கேட்டு வாங்கி மடித்துக்கொண்டாள்.

காலையில் முதலாளி ஒரு தாளைத் தூக்கிப் பார்த்தார்.
"இதென்ன பாதி வெறுமையாக் கிடக்கு?
காசு வாங்கினனியோ?"
"முழுப் பக்கத்துக்கும்."

குருநகர் மதில்களில் இரண்டு கிழமை நின்றது.
அந்த நம்பருக்கு ஒரே ஒரு அழைப்பு.
வள்ளத்தைப் பற்றி அல்ல,
இதை எங்கே அடித்தீர்கள் என்று.

அழைத்தவர் நேற்று வந்தார். உதயசங்கர்,
கொடிகாமம். தம்பி காணாமல் போய்ப் பல வருஷம்.
பையைத் திறந்து காட்டினார்.
பிரதியின் பிரதிகூட இல்லை.

கதிரையைக் காட்டினேன்.
வெறும் தாளொன்றை மேசையில் விரித்து,
"முகத்தை விடுங்கோ,
அவரைச் சுத்தி என்னென்ன இருந்தது?" என்றேன்.

கன நேரம் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தார், கலண்டரில்.
பிறகு, "ஒரு சைக்கிள்" என்றார்.
"முன் பிறேக் இல்லை."