மூன்று மணிச் சுற்று

டார்ச்சை நேராக அடிக்கக் கூடாது.
உள்ளங்கையால் பொத்திக்கொண்டால்
விரல் இடுக்கில் சிவப்பாகக் கசியும் கொஞ்சம்.
அது போதும்,
போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்க்க.

பதினொரு கட்டில்.
பதிவேட்டில் இரண்டே கட்டம்:
தூங்குகிறார், விழித்திருக்கிறார்.
ஏழாம் கட்டில் கிரிஜாம்பா
கண்ணை மூடிப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பதை
எதில் எழுத?

வெளியே லிங்கராஜபுரம் மேம்பாலத்தில்
கோஸ் மூட்டை ஏற்றிய லாரிகள்.
ஒவ்வொன்றுக்கும் ஜன்னல் கம்பி ஒருமுறை முனகும்.

ஊசி போடுவது சிஸ்டர்.
பேச வைப்பது கவுன்சிலர் மேடம்.
வாந்தி எடுக்கும்போது கூந்தலைப் பிடித்துக்கொள்வது நான்.
வந்த அன்று பையைக் கொட்டிச் சோதிப்பதும் நானே.
மவுத்வாஷ், இருமல் மருந்து, நெயில் பாலிஷ் ரிமூவர்,
கைக்குத் தடவும் ஜெல்,
எல்லாம் அலமாரிக்குள், பூட்டு, சாவி என் இடுப்பில்.
பாவாடையில் நாடா நுழையும் மடிப்பை
அங்குலம் அங்குலமாக நெருடிக்கொண்டே போவேன்.
ஈறு போல ஒட்டிக்கொண்டிருக்கும் மாத்திரைகள்.
ஒருமுறை ஒரு பிள்ளையின் போட்டோவுக்குப் பின்னால் இருந்தது.
எடுத்துக்கொண்டு
போட்டோவை மட்டும் திருப்பிக் கொடுத்தபோது
நாங்கள் இரண்டு பேருமே
பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை.

இந்த விரல்கள் வீட்டுக்கும் வந்துவிடுகின்றன.
காலையில் மகளின் பள்ளிப் பையை எடுத்துக் கொடுக்கும்போது
தானாகத் தையலுக்குள் போகின்றன.
"என்னம்மா தேடுற?"
"தையல் விட்டிருக்கான்னு பார்த்தேன்."
அவள் நம்பவில்லை.
பதிமூன்று வயதுக்கு அது தெரியும்.

ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஆண்கள் பிரிவு.
ஞாயிற்றுக்கிழமை அங்கே
டிபன் கேரியரோடு பெண்டாட்டிமார், அம்மாமார்,
இடுப்பில் குழந்தையோடு ஒரு தங்கை,
கேட்டுக்கு வெளியே வரை வரிசை.
பாவம், அவருக்கு என்ன கஷ்டமோ.
எங்கள் பக்கம்
பதினொரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வைப்பேன்.
ஐந்து மணிக்கு ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும்போது
இரண்டில் மட்டும் சூடு இருக்கும்.
மெஹ்ஜபீன் அன்றைக்கு மட்டும்
கண்ணுக்கு மை தீட்டிக்கொள்வாள்.
ராத்திரி அவளே துடைத்துவிடுவாள், தலையணை உறையில்.
அந்த உறையை நான் தனியாக ஊறவைப்பேன்.

"நீங்க குடிச்சிருக்கீங்களா அக்கா?"
எல்லாரும் என்றைக்காவது கேட்பார்கள்.
ஏன் கேட்கிறீங்க என்று திருப்பிக் கேட்கச் சொல்லி
மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள்.
நான் இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டுத்
துணி மடிப்பேன்.
டிபன் கேரியர் தூக்கிய கதை
எனக்கும் ஒன்று உண்டு.
இங்கே அதைச் சொன்னால் பெருமைபோலக் கேட்கும்.

கிரிஜாம்பா போன சித்திரையில் வீட்டுக்குப் போனவள்.
எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தாள்.
"இனி இந்தப் பக்கம் தலைவைக்க மாட்டேன்" என்றாள்.
நேற்று வந்தாள்.
நான் கேட்கும் முன்பே பையைக் கவிழ்த்து
நாடாவை உருவி மேசையில் வைத்தாள்.
"நல்லா பாருங்க," என்றாள். "நீங்க போன தடவை
இடது பக்கம் சரியாப் பார்க்கல."
இடது பக்கம் பார்த்தேன்.
ஒன்றும் இல்லை.
அவள் முகத்தில் எதுவோ வந்து போனது,
எனக்குப் பெயர் தெரியாதது.

இப்போது மூன்று பத்து.
எழுந்து உட்கார்ந்திருக்கிறாள்.
கட்டில் கால்கள் தரையில் தந்தியடிக்கின்றன.
"நீரு," என்கிறாள்.

நிறைகுடம் தளும்பாது என்று சொன்னவர்களுக்குக்
கை நடுங்கியதே இல்லை.
அரை டம்ளர்தான் ஊற்றுகிறேன்.
இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறாள்.
எவர்சில்வர் பல்லில் பட்டுக் கிணுகிணுக்கிறது.
நான் டம்ளரைப் பிடிக்கவில்லை,
அடியில் கையை மட்டும் வைத்திருக்கிறேன், தொடாமல்.
கழுத்தில் இறங்குகிறது தண்ணீர்.
கொஞ்சம் ரவிக்கையிலும்.

டம்ளரை நீட்டுகிறாள்.
இன்னும் பாதி.

ஊற்றுகிறேன்.