மூணு நூல்

கோதுமை இறக்கப் பெர்த் கிடைக்காமல்
டர்பனில் ஒன்பது நாள் கிடந்தோம்.
ஆறாம் நாள் ஞாயிறு.
கரைச்சீட்டு வாங்கிக்கொண்டு சும்மா நடந்தவன்
கண்டெய்னர்களுக்குப் பின்னால், வலைக்கம்பி வேலிக்குள்
நாலு முக்காலி மேல் ஒரு பாய்மரம்
மல்லாந்து கிடப்பதைப் பார்த்தேன்.
முப்பத்தைந்து அடி இருக்கும். அலுமினியம்.
அதன் இடுப்பருகே குந்தியிருந்த பெண்
பல் குடைகிற கருவியை வைத்துத்
திருகாணித் தலையொன்றைக் குடைந்துகொண்டிருந்தாள்.

கை நழுவியது.
"போச்சு, தலை போச்சு" என்றேன் என்னை அறியாமல்.
திரும்பிப் பார்த்தாள். "தமிழ்?"

பெயர் திலோஷ்னி மூட்லி.
பொய்ப்பல் செய்கிற கூடத்தில் வேலை.
படகு துறைமுக ஏலத்தில் எடுத்தது;
வாடகை பாக்கிக்கு யாரோ விட்டுப்போனது;
அவளைவிட நாலு வயது மூத்தது.
பத்துவரை தமிழில் எண்ணுவாள்.
காவடிப் பாட்டு முழுக்கத் தெரியும்,
ஒரு வரிக்கும் அர்த்தம் தெரியாது.

பன்னிரண்டில் ஏழு திருகு வந்திருந்தன.
மற்றதற்கு எண்ணெய், வினிகர், சுடுகாற்று,
கெட்ட வார்த்தை, எல்லாம் கொடுத்தாயிற்று.
ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் ஒட்டிக்கிடந்து
நடுவில் கொஞ்சம் உப்புத்தண்ணீர் இருந்தால் போதும்,
ஒன்று மற்றதைச் சத்தமில்லாமல் தின்னும்.
தின்ற மிச்சம் வெள்ளை மாவாகப் பூத்திருக்கும்.
கல்யாணம் மாதிரி என்றேன்.
சிரிக்கவில்லை.
"கல்யாணத்தில் சத்தம் வரும்" என்றாள்.

நான் விளக்குப் பிடித்தேன்.
இருட்டுவதற்குள் நாலு வந்தன.
ஐந்தாவது உள்ளேயே முறிந்தது.
சுண்டிப் பார்த்தாள், விட்டுவிட்டாள்.
சில வேர் தாடையில் இருந்துவிட்டுப் போகட்டுமாம்.

பெரிய சிக்கல் குறுக்குக்கை போல்ட்டுகள்.
ஆறும் நடுவில் தேய்ந்து உடுக்கை இடுப்பாகிவிட்டன.
கடையில் எல்லாம் மில்லிமீட்டர்.
பத்து நுழையாது. எட்டு ஆடும்.
துளையைப் பெரிசாக்கச் சொன்னானாம் கடைக்காரன்.
"பெரிசாக்கலாம். திரும்பச் சிறிசாக்க?"

ஒரு போல்ட்டை வாங்கி விரலிடுக்கில் உருட்டினேன்.
மூணு நூல், என்றேன்.
தூத்துக்குடிப் பட்டறையில் அப்படித்தான்.
ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல்.
ஸ்கேல் வருமுன் விரல் சொல்லிவிடும்.
"நூல்? த்ரெட்?" என்று
மரையைச் சுரண்டிக் காட்டினாள்.
அது மரை, நூல் அல்ல.
"ஆனால் த்ரெட்தானே?"
ஆமாம்.
ஆனால் அது இல்லை.
இதை இரண்டு பேரும் அதிக நேரம் பேசினோம்.

மறுநாள் பால்மாவு டப்பாவில் எட்டுக் கொண்டுபோனேன்.
எங்கள் கப்பலும் அங்குலக் காலத்துக் கப்பல்தான்.
ஸ்டோர் பதிவேட்டில் எழுதியது:
போல்ட் எட்டு. உபயோகம், கிரேன் எண் இரண்டு.

செம்மறிக் கொழுப்பு பூசி ஒவ்வொன்றாக ஏற்றினாள்.
பல்வார்ப்புத் தகட்டில் வாஷர் வெட்டினாள்,
உலோகம் உலோகத்தைத் தொடாதபடி.
கப்பியில் கயிறு கோத்தபோது
இதற்குப் பேர் ஆஞ்சான் என்றேன்.
ஆஞ்சான், ஆஞ்சான் என்று
யாரையோ கூப்பிடுகிற மாதிரி சொல்லிப் பார்த்தாள்.

காசு கேட்டாள். வேண்டாம் என்று வாய் திறந்தேன்.
"கீழே ரெண்டு இல்லை உனக்கு."
கொய்யாப்பழ நிறத்தில் ஒரு பசையைக் குழைத்து
வாய்க்குள் அழுத்தி, அசையாதே என்றாள்.
பாய்மரத்தின் கால்மாட்டில்
பேச முடியாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.
வெள்ளிக்கிழமை வா, தயாராயிருக்கும்.

புதன் காலையில் பெர்த் கிடைத்தது.
வியாழன் ராத்திரி கயிறு அவிழ்த்தார்கள்.

வெளியேறும்போது படகுத்துறை முழுக்கப் பாய்மரங்கள்,
முந்நூறு இருக்கும், காற்றில் டங் டங்கென்று.
அவளுடையது நின்றுவிட்டதா,
இன்னும் முக்காலி மேல்தானா, தெரியவில்லை.
என் தாடை மட்டும் சுண்ணாம்பில்
அங்கே ஏதோ அலமாரியில் இருக்கும்.

சீஃப் பதிவேட்டைப் புரட்டிவிட்டு
கிரேன் ரெண்டு ஓடவேயில்லையே கஸ்பார் என்கிறார்.
நான் வலப்பக்கமாக மென்றுகொண்டிருக்கிறேன்.