பதினோரு மணி நேரம்

குளியலறைக்கு ஓடு பதிக்க வந்தவன்
கதவின் தபால்வாயில் என் பெயரைப் படித்தான்:
ஹெட்போம்.
ஒருமுறை படித்தவன் மறுமுறையும் படித்தான்.
காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

எனக்கு முகம் பிடிபடவில்லை.
பசை வாளியைத் தூக்கிக்கொண்டு
குறுகலான நடைவழியில் அவன் திரும்பியபோதுதான்,
இடது தோளை முதலில் விட்டு,
யாரோ பின்னாலிருந்து சட்டையை இழுப்பதுபோல்
இடுப்பை ஓர் உதறு உதறித் திரும்பியபோதுதான்
தெரிந்தது.
ஸ்வெர்க்கர். பதினான்காம் எண்.

கப்பல்பட்டறை வெல்டரின் மகன்.
பள்ளியில் குண்டாக இருந்தான், ஓட வராது,
அதனால் கோட்டில் நிறுத்தினார்கள்.
ஹேண்ட்பாலில் கோட்டாட்டக்காரனின் வேலை இதுதான்:
கோலுக்கு முதுகைக் காட்டி நிற்பது.
ஆறு மீட்டர் வளைவின் விளிம்பில்
இரண்டு தடியர்களின் முழங்கைகளுக்கு நடுவே
தன் ஆட்களின் முகத்தையே பார்த்துக்கொண்டு
வருமா, வருமா என்று.
ஓர் ஆட்டத்தில் நாலு முறை பந்து வரும்.
மற்ற நேரமெல்லாம் அடி வரும்.

இருபது பருவம் அப்படி நின்றான்.
எங்கள் கார்ல்ஸ்க்ரூனாவில் எட்டு,
வடக்கு ஜெர்மனியில் ஆறு,
மீதி, கூப்பிட்ட ஊரிலெல்லாம், கொடுத்த காசுக்கு.
தேசிய அணிக்குப் பதினோரு ஆட்டம்,
பெரும்பாலும் துண்டு போர்த்திப் பெஞ்சில்.
முழங்கால் அறுவை நாலு.
விரலில் அப்பும் பைன் பிசின்
கார் ஸ்டீயரிங்கில், ஃபிரிட்ஜ் பிடியில்,
விவாகரத்துக் காகிதத்தின் மூலையில்கூட
ஒட்டியிருந்ததாக ஊரில் ஒரு பேச்சு.

நான் பல் மருத்துவமனையில் கணக்கெழுதியவள்.
சனிக்கிழமைகளில் ஆட்ட மேசையில் நேரம் பார்ப்பேன்.
சம்பளம் கிடையாது.
காபி, பட்டை மணக்கும் ஒரு பன்.

தொண்ணூற்றிரண்டு, மார்ச்.
மின்கடிகாரத்தின் சங்கு அன்று செத்துக் கிடந்தது.
என் கழுத்தில் ஊதல், கையில் நிறுத்துக் கடிகாரம்.
இருபத்திரண்டுக்கு இருபத்திரண்டு.
பந்து அவனுக்கு வந்தது.
திரும்பினான்.
விட்டான்.
ஊதினேன்.
விழுந்தது.

நடுவர் இல்லை என்று கையசைத்தார்.
ஒரே ஒரு புள்ளியில் கீழ்ப்பிரிவுக்கு இறங்கினோம்.
அந்தக் கோடையில் அவன் ஜெர்மனிக்குக் கப்பலேறினான்.
என்னை யாரும் திட்டவில்லை.
இந்த ஊரில் திட்ட மாட்டார்கள்.
அடுத்த சனிக்கிழமை
எனக்கு மட்டும் பன் வரவில்லை.

கடிகாரம் சரிதான், சோதித்துப் பார்த்தார்கள்.
கண்ணுக்கும் உதட்டுக்கும் நடுவே
அன்று எவ்வளவு நேரம் இருந்தது,
அல்லது இல்லாமல் போனது,
அதைச் சோதிக்க யாரிடமும் கருவி இல்லை.

இரண்டு நாள் மண்டியிட்டு வேலை செய்தான்.
அந்த முழங்கால்களோடு.
இடது கட்டைவிரல் மடங்கவில்லை;
ஒவ்வோர் ஓட்டையும் உள்ளங்கையில் வாங்கி
நெஞ்சருகே ஒரு கணம் வைத்திருந்து
பிறகுதான் பதித்தான்.
மழையைப் பற்றிப் பேசினோம்.
வடிகால் பக்கம் விட வேண்டிய சரிவைப் பற்றிக்
கொஞ்சம் அதிகமாகவே பேசினோம்.

பில்லில் பதினோரு மணி நேரம் என்று எழுதினான்.
பழக்கம் விடுமா? நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.
“பதினொன்று இருபது” என்றேன்.
“இருபது நிமிடம் உனக்கு வர வேண்டும்.”

வாளியைக் கழுவிக்கொண்டிருந்தான்.
முதுகு என் பக்கம்.
“ஊதின பிறகு விழுந்தது
கணக்கில் வராது, ஹெட்போம்.”

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.
நான் பதினோரு மணி நேரத்துக்குப் பணம் எண்ணினேன்.

காலணி மாட்டும்போது சொன்னான்:
நாளை இதே நேரம் வரை தரையை மிதிக்க வேண்டாம்.
சுவரில் பார்த்தேன். நாலு பத்து.

மறுநாள் பல் துலக்கக்கூட
மேல்மாடி இங்கெயெர்ட் வீட்டுக்குத்தான் போனேன்.
மதியச் சாப்பாட்டுக்குப் பின் அவளே இறங்கி வந்து
குனிந்து, விரலால் தொட்டுப் பார்த்து,
“கல்லாகக் காய்ந்திருக்கிறது, போயேன்” என்றாள்.

மணி மூன்று ஐம்பத்தெட்டு.

இரு, என்றேன்.