பின்மண்டைக் கண்

குளுவாங் ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி.
உன் கணுக்கால் பட்டையில் இன்னும் பெயரில்லை.
தனேஸ்வரியின் பிள்ளை, அவ்வளவுதான்.

மூன்று நாள் உன்னைக் குளிரில் வைத்திருந்தார்கள்.
மூச்சு முட்டிய மூளைக்குக் குளிர்தான் மருந்தாம்.
செம்பனை ஆலையின் நீராவியில்
பன்னிரண்டு வருஷம் நின்ற கையால்
உன் பாதத்தைத் தொட்டேன்.
ஐஸ் பெட்டி மீன்.
தனேசிடம், "நல்லாத்தான் இருக்கா" என்றேன்.

என் வேலை பார்ப்பது.
லோரி கொட்டும் குலைகளைப் புரட்டி
பழம், காய், அழுகல் என்று
சிவப்பு மையில் குறி போடுவது.
திரும்பி நின்றாலும் காய்க்குலை தப்பாது.
"பின்மண்டையில கண்ணு வச்சிருக்கான்" என்பார்
மண்டோர் சந்தியாகு.

இன்று நோர்ஹயாத்தி
உன் பின்மண்டையில்தான் பசை தடவினாள்.
பட்டாணி அளவுத் தகடுகள், மூன்று வயர்.
மூடிய இமைமேல் சிவப்பு வெளிச்சம்
வெட்டி வெட்டி அணைந்தது.
கண்ணில் பழுதில்லை, என்றாள் மலாயில்.
வெளிச்சம் இங்கே வந்து சேருதா என்றுதான் பார்க்கிறோம்.
தன் பிடரியைத் தொட்டுக் காட்டினாள்.

கண்ணு என்று கூப்பிட வாயெடுத்தேன்.
அந்த அறையில் அந்தச் சொல் கூசியது.
பாப்பா என்றேன்.

திரையில் கோடு.
தட்டையாகவே போனது,
தோட்டத்து மண் ரோடு போலச் சின்னச் சின்ன நடுக்கத்தோடு.
நூறு மின்னலைக் கூட்டிப் பார்த்த பிறகு
ஓரத்தில் ஒரு மேடு.
"அடா" என்றாள்.
அவள் பாஷையில் அது, இருக்கிறது.
என் பாஷையில் என் வாயிலிருந்தும் அதே சத்தம்தான் வந்தது.
"தாப்பி லம்பாட்."
ஆனால் தாமதம்.

எவ்வளவு?
கண் சிமிட்டும் நேரம்கூட இல்லையாம்.

அன்று ஆலை ரோட்டில்
லோரி வரிசைக்குப் பின்னால்
ஆம்புலன்ஸ் நின்றது பதினோரு நிமிஷம்.
சைரனை பாய்லர் விழுங்கிவிட்டது.
வரிசையின் தலைப்பில் நான்,
சந்தேகமான ஒரு குலையை
இரண்டாம் தடவை புரட்டிக்கொண்டிருந்தேன்.
உள்ளே நீங்கள் இருவரும்.
பின்மண்டைக்கு ஒன்றும் தெரியவில்லை.

இதைத் தனேசிடம் சொல்லவில்லை.

ஆறு வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார் டாக்டர் வோங்.
ஈரப் பஞ்சால் உன் முடியைத் துடைத்தேன்.
பசை முழுசாகப் போகவில்லை.
நீ கண்ணைத் திறந்தாய்.
என்னையா, எனக்குப் பின்னால் எரியும் டியூப் லைட்டையா,
தெரியவில்லை.
இரண்டடி நகர்ந்து
அதற்கு நேர் கீழே போய் நின்றேன்.