ஊசிக் கோடு

ஃபாரோ தீவில் ஜனவரி. மதியம் மூன்றுக்கே
கடற்கழி கறுத்துவிட்டது.
ஸ்கோலா பட்டறையில், தாங்கிகளின் மேல்
மீன்படகிலிருந்து உருவிய தண்டு.
உள்ளே எஃகு, நூறு மில்லிமீட்டர்.
அதன்மேல் வெண்கல உறை, பதினைந்து கனம்.
சூடாக ஏற்றி ஆறவிட்டு இறுகியது;
பசை இல்லை, ஆணி இல்லை,
வெறும் பிடி.

உறை முடியும் இடத்தில்
எஃகின் முதுகிலிருந்து வெண்கல விளிம்புக்கு ஏறும்படி
ஊசியால் ஒரு கோடு கீறினேன்.
ஒரு முனை கவ்வியில்.
மறுமுனையைத் திருக
பைனிர் எண்ணெய் அழுத்தத்தை ஏற்றினான்:
ஐந்து.
கோடு கோடாகவே இருந்தது.

எங்கள் விதிப்புத்தகம்
வெண்கலத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை.
எஃகை உப்பு தீண்டாமலிருக்க ஒரு சட்டை,
அவ்வளவே அதற்கு மரியாதை.
விறைப்பிலும் எஃகில் பாதிதான்.
ஆனால் வெளியே நிற்பதற்குக் கை நீளம்.
இரண்டு முறை போட்டுப் பார்த்தேன்:
முறுக்கில் நூற்றுக்கு நாற்பத்தெட்டு
அந்தச் சட்டையின் தோளில்.

பத்து.
இரண்டும் ஒரே கோணம் திரும்புகின்றன.
ஒட்டியிருக்கும் அந்த வட்டத்தில் மட்டும்
எஃகின் பக்கம் இரண்டு பங்கு நோவு,
வெண்கலத்தின் பக்கம் ஒன்று,
நடுவே காற்று நுழையவும் இடமில்லை.

பதினைந்து.
பக்கத்து அறையில் யாரோ
கோப்பையைக் கீழே வைத்ததுபோல் ஒரு சத்தம்.
ஒரு பாகையில் நின்ற முள்
ஒன்றரைக்குத் தாவியது.
பைனிர் கையை எடுத்தான்.
உறையின் ஓரத்திலிருந்து
கோகோப் பொடிபோலத் துரு உதிர்ந்தது,
ஒரு சிட்டிகை.

கப்பல் தலைவர் தோரொட்டுர்
ஈரக் காலணியோடு வந்தார்.
"எது முறிந்தது?"
எதுவும் முறியவில்லை.
"பின்னே?"
அவர் கட்டைவிரல் நகத்தைப் பிடித்துக்
கோட்டின் மேல் நடத்தினேன்.
எஃகிலிருந்து வெண்கலத்துக்கு வரும்போது
நகம் தடுக்கியது.
மயிரிழை அளவு. கோடு இப்போது இரண்டு.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.
பிறகு, அக்டோபரிலிருந்தே
சமையற்காரி ரன்வோ சொல்லிக்கொண்டிருந்தாளாம்,
சூப்புத் தட்டு மேசையில் நகர்கிறதென்று.
அலைதான், உன் மனப்பிரமை என்றாராம் இவர்.
அவள் முறுக்கிக்கொண்டு
மூன்று நாள் காப்பி தரவில்லையாம்.

"இப்படியே கடலுக்குப் போகலாமா?"
விதிப்படி போகலாம், என்றேன்.
எஃகு தனியாகத் தாங்கும் என்றுதான்
புத்தகம் முதலிலிருந்தே சொல்கிறது.
படிவத்திலும் எஃகுக்கு மட்டும்தான் கட்டம்;
நாற்பத்தெட்டை ஓரத்தில் எழுதியிருந்தேன்,
பென்சிலால்.

அதைப் படித்தார்.
நகத்தை இன்னொரு முறை கோட்டில் ஓட்டினார்,
தடுக்கிய இடத்தில் நிறுத்தினார்.

"ரன்வோ ஏறமாட்டாள்" என்றார்.
பைனிர் ஏற்கெனவே
எரிவாயுக் குழாயை இழுத்துக்கொண்டிருந்தான்.