சீசன்

குலசேகரம் சந்தை தாண்டி, களியல் போகிற ரோட்டில்
எங்கள் ரப்பர் கடை.
எங்கள் என்கிறேன்.
போர்டில் மாமா பேர், தாசையன்.
ஜிஎஸ்டியில் ஸ்டெபின், என் வீட்டுக்காரர்.
நான் இருப்பது
தராசு ரிப்பேர்காரன் போனில் மட்டும்:
"குலசேகரம் அக்கா".

முப்பது வருஷமாக இந்தக் கடையில்
கெட்டு ஒன்றுக்கு ஒரு கிலோ கழிவு.
ஈரம் என்பார் மாமா.
பங்குனி வெயிலில் பப்படம்போலக் காய்ந்து வந்தாலும்
ஈரம்.
அந்த ஈரத்தில்தான் மாடி எடுத்தோம்.
நான் படுக்கிற அறையும் அதில்தான் சேர்த்தி.

கல்யாணமாகி நாலாம் வருஷம்
சோறு விளம்பிக்கொண்டே கேட்டேன்:
"கழிவை எடுத்திரலாமா மாமா?"
மாமா சாளையில் முள் எடுத்தார்.
ஸ்டெபின் தண்ணீர் குடித்தான்.
"புளி கூடிப்போச்சு" என்றாள் மாமி.

ஏழு மாதம் கேட்டேன்.
பிறகு கேட்பதை விட்டுவிட்டு
இரண்டு வளையலை பாங்கில் வைத்தேன்.
மார்த்தாண்டத்திலிருந்து தராசு வந்தது,
சிவப்பு எண்கள்
விற்க வந்தவர் முகத்தைப் பார்த்து எரிகிற தராசு.
பில் அடிக்க ஒரு சின்ன பெட்டி, அது பல்லியைப்போல் சத்தம் போடும்.

முதல் மூன்று மாதம் கையைக் கடித்தது.
அப்போது அது என் தராசு.
"எம்மா, உன் தராசு இன்னைக்கு எவ்வளவு தின்னுச்சு?"
நாலாம் மாதம் சுருளோட்டிலிருந்து ஆட்டோ வந்தது.
பேச்சிப்பாறைக்காரர்கள்
வழியில் இரண்டு கடையைத் தாண்டி எங்கள் படி ஏறினார்கள்.
ஒட்டுபால் சாக்கு வைக்க இடமில்லாமல்
கார் ஷெட்டை ஒழித்தோம்.
அன்றையிலிருந்து அது நம்ம தராசு.

டீக்கடை விக்றமன் கேட்டார்,
"என்ன வே, கடையில ஒரே கூட்டம்?"
"சீசன் கொள்ளாம் கேட்டியா" என்றார் மாமா.

ஆனி முழுக்க மழை.
வெட்டு இல்லை. சிரட்டைகளில் வெறும் தண்ணீர்.
மரங்கள் சும்மா நின்ற மாதம்.
அப்போதும் வாசலில் ஆள்,
வீட்டில் பழைய ஷீட் வைத்திருந்தவர்கள் எல்லாம்.
அப்போதும் மாமா சொன்னார்,
சீசன்.

வியாபாரிகள் சங்க ஆண்டுவிழாவில் அவருக்குச் சால்வை,
நேர்மையான எடைக்கு.
மேடையில் கர்த்தருக்கு நன்றி சொன்னார்.
சங்கத் தலைவருக்கு, செயலாளருக்கு,
மைக் செட்காரருக்கும்.
நான் கீழே மகனுக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
வீட்டுக்கு வந்ததும் சால்வையை என் கையில்தான் தந்தார்,
மடித்து வைக்க.

ரெத்தினபாயைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
அரை ஏக்கர், நூற்றுச் சொச்சம் மரம்,
தானே வெட்டி, தானே அடித்து, தானே காயப்போடுகிறவள்.
பழைய தராசு இருந்த காலத்தில்
முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டாள்.
அது ஆடி நிற்கிறவரை மூச்சு விட மாட்டாள்.
பிறகு மாமா கழித்ததைத் திருப்பிக் கேட்பாள்,
கிடைக்காது, ஆனாலும் கேட்பாள்.

இன்று கெட்டைத் தட்டில் போட்டுவிட்டு
எங்களுக்கு முதுகைக் காட்டி
முடியை அவிழ்த்து உதறிக் கட்டினாள்.
எதிர்த்த கடையில் தொங்கிய நைட்டிக்கு விலை கேட்டாள்.
எண்கள் அவள் பின்னால் எரிந்தன, அணைந்தன.
திரும்பவே இல்லை.

இத்தனை நாளும் நான் யாராவது பார்ப்பார்கள் என்றிருந்தேன்.
ஒருத்தி பாராமல் நின்றதில்
தொண்டை அடைத்தது.
இது போதும் என்று எழுத ஆசைதான்.
போதவில்லை.
என் வளையல் இன்னும் பாங்கில் இருக்கிறது.

"எவ்வளவு?" என்றார் மாமா.
பில் பெட்டி வந்தும் அவர் நோட்டை விடவில்லை.
"பதினொண்ணு நானூறு."
பேனா காகிதத்தைத் தொடாமல் கொஞ்சம் நின்றது,
முப்பது வருஷப் பழக்கம்.
பிறகு
பதினொன்று நானூறு என்றே எழுதினார்.
என்னைப் பார்க்கவில்லை.
அடுத்த கெட்டைத் தூக்கிப் போட்டேன்.